செஞ்சிக் கோட்டையும் இருபத்து நாலடிப் பாலமும்

பாரிஸ் நகரத்தில் குடியேறிவிட்ட எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை கரிக்கலாம்பாக்கத்துக்கு விஜயம் செய்வது வழக்கம். வரும்போதெல்லாம் வாசனைத் திரவியமும், சாக்கலேட்டும், ஐரோப்பாக் கண்டத்துப் படங்களும் கொண்டு வருவார். வாசனைத் திரவியமும் சாக்கலேட்டும் உறவினர்களுக்கு; படங்கள் அண்டை வீட்டாருக்கு. சென்ற தடவை அவர் லண்டனுக்கும் போய் வந்திருந்தபடியால், தேம்ஸ் நதிக்கரையில் உள்ள டவர் என்னும் அரசர் கோட்டையையும், அதன் அருகே 1894-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட டவர் பாலத்தையும் பல கோணங்களில் பிடித்து வந்து காட்டினார். கப்பல் வரும் சமயத்தில் அந்தப் பாலம் நடுவே பிளந்து, இரண்டு கைகளையும் மேலே தூக்கி நிற்குமாம்!

"இம்மாதிரி ஒரு கோட்டையும் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நம் தேசத்தில் எங்கே ஐயா இருக்கின்றன?" என்று கேட்டார்.

"இங்கிருந்து சுமார் எழுபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன" என்றேன்.

அவர் சிரித்தார். நான் பரிகாசம் செய்வதாக எண்ணிவிட்டார் போலும். ஆனால் நான் சொன்னது உண்மை. செஞ்சியின் ராஜகிரி மலையுச்சிக்குப் போகும் வழியில் ஒரு பாலம் இருக்கிறது. அதன் அடியில் நதி ஓடவில்லை; கப்பலும் வராது. நீளம் இருபத்து நான்கு அடிதான். லண்டன் பாலத்தோடு ஒப்பிட்டால் யானைக்கு முன்னால் எறும்பு. ஆயினும் ஒரு ராஜ்யத்தின் தலைவிதி முழுவதும் ஒரு காலத்தில் அந்த இருபத்து நான்கு அடி மரத்தின் மேல் நின்றது.

செஞ்சிக்கும் எங்கள் பக்கத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. எங்கள் ஊருக்கும் வில்லியனூருக்கும் நடுவே ஓடும் சங்கராபரணி ஆறு செஞ்சி மலைப் பக்கத்தில் உற்பத்தியாகி வருவது. செஞ்சியாறு என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. புதுவைக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயர்ந்த கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக் கொண்டுவந்தவை என்பது இங்கே வழிவழியாக வந்த பேச்சு. பிரான்சுவா மர்த்தேன் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புதுவையில் காலூன்றி நிற்க வேண்டியிருந்தபோது, செஞ்சியில் ஆண்ட மராட்டியரின் தயவைத்தான் நாடவேண்டியிருந்தது. போதாததற்குச் செஞ்சிக் கீழ்க்கோட்டையின் வாயில்களில் ஒன்றுக்குப் புதுச்சேரி வாயில் என்றே பெயர். நம்முடைய பெயரால் ஒரு வாயில் இருக்க, அதில் நுழைந்து பார்க்காமல் இருப்பது மரியாதையா?

ஆகவே சென்ற தை மாதத்தில் ஒரு நாள் புறப்பட்டோம். நான், என் தமக்கை மகன், என் அத்தை ஆகிய மூவர்.

அத்தைக்கு வயது எழுபத்தெட்டு. முழங்கால் இரண்டும் அவளுக்கு அடங்குவதில்லை. "நீ மலை ஏற வேண்டாம், அத்தை! கீழேயே இருந்து பார்த்துவிட்டு வரலாம்" என்று எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். அவள் கேட்கவில்லை. சிறு வயதில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் விடிய விடிய நடந்த தேசிங்கு ராஜன் கூத்தை அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாளோ, கணக்கில்லை. 1960-ல் எம். ஜி. ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' படம் வந்தபோது டெண்டுக் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தவள். "சாவதற்குள் அந்தப் பிள்ளையின் கோட்டையைப் பார்த்துவிட வேண்டும்" என்பது அவளுடைய பல்லவி. முந்நூறு வருஷத்துக்கு முன் மாண்ட ஒரு ராஜாவை, அண்டை வீட்டுப் பையனைப் போல் 'அந்தப் பிள்ளை' என்று அவள் சொல்வதைக் கேட்க எனக்கு எப்போதுமே வேடிக்கையாயிருக்கும்.

மருமகனோ கல்லூரியில் சரித்திரம் வாசிக்கிறவன். தேதி சொல்லாமல் அவன் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளிவராது. இந்த இரண்டு பேருக்கும் நடுவே பஸ்ஸில் அகப்பட்டுக்கொண்ட என் நிலைமையை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

புதுவையிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகும் பஸ் செஞ்சியில் நிற்கிறது. திண்டிவனம் தாண்டிய பிறகு பூமியின் குணமே மாறிவிடுகிறது. எங்கள் பாகூர்ப் பக்கத்துக் கரும்பும் நெல்லும் பின்தங்கிவிட, அங்கங்கே கற்குவியல்கள் தலைகாட்டுகின்றன. அவற்றை மலை என்று சொல்வதற்கே மனம் வருவதில்லை. பூதகணங்கள் வேலை செய்துவிட்டு மிச்சமான உருண்டைப் பாறைகளை வாரிக் கொட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கின்றன. திடீரென்று அந்தக் குவியல்களின் மேல் மதில் ஒன்று பாம்பைப்போல் வளைந்து ஏறுவது தெரிகிறது. அதுதான் செஞ்சி.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் சேர்த்து முக்கோணமாக வளைத்துச் சுமார் பதின்மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் எடுத்திருக்கிறார்கள். இடையர் குலத்தைச் சேர்ந்த ஆனந்தக்கோன் இங்கே முதலில் கோட்டை கட்டினான் என்பது கர்ண பரம்பரை. பின்பு விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் அதைப் பெருக்கினார்கள். 1597-ல் இங்கு வந்த பிமெந்தா என்னும் ஏசு சபைப் பாதிரியார், லிஸ்பன் நீங்கலாகப் போர்ச்சுக்கல் தேசத்து நகரம் எதுவும் இதற்கு ஈடாகாது என்று வியந்து எழுதினார். இன்று அந்த மாநகரத்தில் குடியிருப்பவை குரங்குகளே. எங்கள் தூக்குப் பாத்திரத்திலிருந்த புளியோதரையில் பாதிப் பாகத்தை நுழைவாயிலிலேயே வரியாக வசூல் செய்துகொண்டன. ஆர்க்காட்டு நவாபின் வரிவசூல்கூட இவ்வளவு துரிதமாக நடந்திராது.

கீழ்க்கோட்டையில் கல்யாண மகால், அடுக்கடுக்காக உயர்ந்து கூம்பிய முடியுடன் நிற்கிறது. மேல்மாடி அறைகளுக்கு மண்குழாய் மூலமாக நீர் ஏற்றியிருக்கிறார்கள். நெற்களஞ்சியத்தின் வளைவுக் கூரையின் கீழே நின்று மருமகன் கை தட்டினான்; ஓசை வெகு நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. சுவர்களில் ஏராளமான சாசனங்கள் இருக்கின்றன. அவசரப்பட வேண்டாம், எல்லாம் அண்மைக் காலத்தில் ஆணியால் கீறியவை. இன்னார் இன்னாரைக் காதலிப்பதாக இந்தச் சாசனங்களால் அறிகிறோம். 2025-ம் வருஷம் ஜூலை மாதத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனம் மராட்டியரின் இராணுவக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கீகரித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மிகுந்த ஒன்று செஞ்சி. உலகம் மரியாதை செய்துவிட்டது. ஆணி கொண்டுவரும் நம்மவர்கள்தான் இன்னும் செய்யவில்லை.

வேங்கடரமணர் ஆலயத்துக்குள் போனதும் அத்தை தூண்களைத் தேடினாள். புதுவைக் கடற்கரையில் நிற்கும் தூண்கள் எந்த இடத்திலிருந்து போயின என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். வெறுமையாயிருந்த ஓரிடத்தைத் தானாகவே தீர்மானித்து, "இங்கேதான் இருந்திருக்கும்" என்றாள். எதிர்வாதம் செய்ய எங்களிடம் ஆதாரம் இல்லை.

மலை ஏறத் தொடங்கினோம். ராஜகிரி சுமார் எண்ணூறு அடி உயரம். படிகள் ஒழுங்காகவே இருந்தாலும் சில படிகள் இன்றைய மனிதர்களின் காலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பத்துப் படி ஏறுவதும் ஒரு பாறையில் உட்காருவதுமாக அத்தை வந்தாள். கமலக்கண்ணி அம்மன் கோயில் வந்ததும், "இதோடு போதும்" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டாள்.

இளைப்பாறிய இடங்களிலெல்லாம் மருமகன் சரித்திரம் சொல்லிக்கொண்டு வந்தான். 1677-ல் சிவாஜி மகாராஜா பீஜப்பூராரிடமிருந்து இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். அவர் காலமான பிறகு மராட்டிய ராஜ்யத்துக்குப் பெரிய ஆபத்து வந்தது. சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றான். தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தப்பித் தெற்கே ஓடிவந்து 1689-ல் செஞ்சியை அடைந்தார். மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் துரத்தி வந்து முற்றுகையிட்டான். ஒரு மாதமன்று, ஒரு வருஷமன்று; ஏறக்குறைய எட்டு வருஷம்! 1698-ல் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அதில் இல்லை. முன்னதாகவே தப்பிப் போய்விட்டார்.

பிறகு ஔரங்கசீப்பின் ஆட்சியில் புந்தேல்கண்டத்து ராஜபுத்திரரான சொரூப் சிங் கோட்டைக்கு அதிபதியானார். அவருடைய புதல்வன்தான் தேசிங்கு. தகப்பனார் இறந்த செய்தி கேட்டு வந்து பட்டத்தை ஏற்றான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கப்பப் பாக்கியைக் கேட்டான். இவன் கொடுக்க மறுத்தான். 1714-ம் வருஷம் அக்டோபர் 3-ந் தேதி, சில நூறு குதிரை வீரர்களுடன் மலையிலிருந்து இறங்கிப் போய், பல ஆயிரம் பேர் கொண்ட நவாபின் சேனையோடு வெட்டவெளியில் போர் செய்து மடிந்தான். வயது இருபத்திரண்டு என்பார்கள். தன் கல்யாணத்தை நிறுத்திவிட்டு நண்பனுக்காக ஓடிவந்து உடன் மடிந்த மகபத் கானைப் பற்றி மருமகன் ஒரு வரியோடு நிறுத்திவிட்டான். அத்தை அதற்குச் சம்மதிக்கவில்லை. மகபத் கானின் கதையை முழுவதும் சொன்ன பிறகே அந்தப் பாறையிலிருந்து எழுந்தாள்.

இப்படியாகக் கடைசியில் பாலத்தை அடைந்தோம்.

மலையின் தலைப்பகுதியை மட்டும் யாரோ கத்தியால் வெட்டித் தனியே வைத்ததுபோல் அந்த இடத்தில் பாறை பிளந்திருக்கிறது. அகலம் இருபத்து நான்கு அடி. ஆழம் சுமார் அறுபது அடி. அக்கரையில் உச்சிக் கோட்டையின் வாயில். பழைய நாளில் இதன் மேல் மரப்பாலம் இருந்தது. பகைவன் வந்தால் அதை எடுத்துவிடுவார்கள். அவ்வளவுதான், கீழே பதின்மூன்று கிலோமீட்டர் மதிலும், அகழியும், வாயில்களும் வீழ்ந்துபோனாலும் மேலே இருப்பவன் ராஜாவாகவே இருக்கலாம். மேலே சுனை உண்டு, களஞ்சியம் உண்டு, வெடிமருந்துக் கிடங்கு உண்டு. இன்று யாரும் அஞ்சாமல் நடந்து போகும்படி பாலத்தை நிலையாக அமைத்திருக்கிறார்கள். ஆனாலும் நடுவில் நின்று கீழே குனிந்து பார்த்தபோது எனக்கு அடிவயிறு சில்லிட்டது.

மருமகன் பாலத்தின் இரு முனைகளையும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "தேசிங்கு வீரன்தான், மாமா! ஆனால் புத்திசாலி அல்ல. ராஜாராம் இந்தக் கோட்டையை வைத்துக்கொண்டு எட்டு வருஷம் மொகலாய சைனியத்தையே இங்கே கட்டிப் போட்டார். அதனாலேதான் மராட்டிய ராஜ்யம் பிழைத்தது. இவனோ பாலத்தை எடுத்துவிட்டு மேலே உட்கார வேண்டியவன், சில நூறு பேரோடு மைதானத்துக்கு இறங்கினான். இதை வீரம் என்பதா?"

அத்தை அக்கரைக்கு வரவில்லை. பாலத்துக்கு இப்பால் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டாப்பா, இவன் பலகையை எடுத்துவிட்டு மேலே உட்கார்ந்துவிட்டால், கீழே இருக்கிற ஜனங்கள் எந்தப் பலகையை எடுப்பார்கள்?" என்று கேட்டாள்.

மருமகன் பதில் சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை.

"எட்டு வருஷம் முற்றுகை என்றாயே! அந்த எட்டு வருஷமும் வந்த பட்டாளம் எதைத் தின்றது? கீழே விளைந்ததைத்தானே? மேலே இருக்கிறவனுக்குக் களஞ்சியம் இருக்கிறது. ஊரில் இருக்கிறவனுக்கு என்ன இருக்கிறது? இந்தப் பிள்ளை அதைப் பார்த்தான், இறங்கினான். அதனால்தான் ஊரில் பாடினார்கள்."

"அதற்கு ஆதாரம் இல்லை, பாட்டி! கப்பம் கொடுக்காத ரோஷத்தில் இறங்கினான் என்றுதான் சொல்ல வேண்டும்."

"உன் ஆதாரத்தை நீ வைத்துக்கொள்!"

இதற்குப் பிறகு அத்தை சொன்னதை நான் முன்பு கேட்டதில்லை. அவளுடைய மூத்த தமையன், எனக்குப் பெரியப்பா ஆக வேண்டியவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனவர் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். எங்கள் பக்கத்தில் இப்படிப் போனவர்களைச் 'சொல்தா' என்பார்கள். திரும்பி வந்த சொல்தாக்களுக்குப் பென்ஷனும், பெரிய வீடும், கௌரவமும் உண்டு. பெரியப்பா திரும்பவில்லை. 1954-ம் வருஷத்தின் ஆரம்பத்தில் ஒரு காகிதம் வந்தது. அவ்வளவே. அப்போது அத்தைக்கு ஏழு வயது. காகிதத்திலிருந்த பிரெஞ்சைப் படித்துச் சொல்ல வில்லியனூரிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார்களாம்.

"அங்கேயும் ஏதோ ஒரு கோட்டையாம். அதற்குக் காவலாம். யாருடைய கோட்டை, யாருக்காகக் காவல் என்று அண்ணனுக்கே தெரிந்திருக்குமோ என்னவோ! அனுப்பினவன் பாலத்துக்கு அந்தப் பக்கம் சௌக்கியமாய் இருந்தான். இறங்கி வந்த ராஜா ஒருவன் இருந்தான் என்று கூத்தில் பார்த்தபோது எனக்கு ஆறுதலாயிருந்தது. அதைப் போய் புத்தியில்லை என்கிறாயே!" என்றாள்.

மருமகன் அதன்பின் ஒன்றும் பேசவில்லை. காற்று மட்டும் அந்தப் பிளவுக்குள் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

பெரியப்பா மட்டுமல்ல, இந்த மலையிலேயே எத்தனை பேர் யாருடைய கோட்டைக்கோ காவல் நின்று மடிந்திருக்கிறார்கள்! 1750-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஓர் இரவு, புஸ்ஸியும் அவனுடைய ஆட்களும் கோட்டை வாயிலை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே புகுந்தார்கள். விடிவதற்குள் மூன்று மலைகளும் பிரெஞ்சுக்காரர் வசமாகிவிட்டன. அசைக்க முடியாத கோட்டை ஓரிரவில் அசைந்தது. ஆனால் அதன்பின் இங்கே காவலிருந்த ஐரோப்பிய சோல்ஜர்களைக் காய்ச்சல் கொள்ளை கொண்டது. 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தது. அதற்கப்புறமும் மலைமேல் தனியே நின்ற பிரெஞ்சுக் காவற்படை அவ்வருஷம் ஏப்ரல் 5-ந் தேதி காப்டன் ஸ்மித்திடம் சரணடைந்தது. 1780-ல் ஹைதர் அலி அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். இவ்வளவு பேருக்கும் இந்தப் பாலம் ஒன்றே. அது இன்னார் கையால்தான் எடுக்கப்பட வேண்டும் என்று ஒருபோதும் பிடிவாதம் செய்ததில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் மண்ணை விட்டுப் போனபோது எந்தக் கோட்டையும் இடிபடவில்லை. எங்கள் ஊருக்குச் சமீபத்திலுள்ள கீழூரில், 1954 அக்டோபர் 18-ந் தேதி, ஒரு கொட்டகையில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவுடன் சேர வேண்டுமென்று வாக்களித்தார்கள். 8 பேர் வேண்டாமென்றார்கள். நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் கைமாறிவிட்டது. பெரியப்பாவைப் பற்றிய காகிதம் வந்து அப்போது ஒரு வருஷம்கூட நிரம்பவில்லை.

பாலத்தின் மேல் நடந்த வழக்கில் நான் யார் கட்சி என்று வாசகர்கள் கேட்கலாம். மருமகன் சொன்னதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. ராஜாராம் செஞ்சியில் தாக்குப் பிடித்திராவிட்டால் தக்கணத்தின் சரித்திரமே வேறு விதமாகப் போயிருக்கும். அத்தை சொன்னதையும் தள்ள முடியாது. ராஜாராமைப் பற்றி எங்கள் கிராமத்துக் கூத்து மேடையில் ஒருவரும் ஒரு பாட்டுப் பாடியதில்லை. ஆனால் மைதானத்தில் உழுதுகொண்டிருந்த குடியானவன் ஒருவன் இருந்தானே, அவனுடைய கட்சி என்ன? மேலே உட்கார்ந்த ராஜாவாலும் அவன் வயல் அழிந்தது. கீழே இறங்கிய ராஜாவாலும் நவாபின் கப்பம் அவன் தலையை விட்டு இறங்கவில்லை. அவனைப் பற்றிச் சரித்திரமும் இல்லை, கூத்தும் இல்லை. எனக்கு அவனிடம் போய்க் கேட்க வேண்டும்போல் இருந்தது.

மருமகன்தான் முதலில் அசைந்தான். அத்தையிடம் சென்று கையை நீட்டினான். "வா, பாட்டி! இவ்வளவு தூரம் வந்துவிட்டு அந்தப் பக்கம் பார்க்காமல் போவதா?" என்றான். அவள் சற்று யோசித்துவிட்டு எழுந்தாள். பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. நேரே நோக்கியபடி கடந்துவிட்டாள்.

உச்சியில் ரங்கநாதர் ஆலயம் இருக்கிறது, மூர்த்தி இல்லை. கீழே நெடுந்தூரத்துக்கு வயலும் ஏரியும் பனைமரங்களும் பரந்து கிடந்தன. வடக்கே கிருஷ்ணகிரி, கைநீட்டினால் தொடலாம்போல் நின்றது. அத்தை கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு கிழக்குத் திசையை வெகு நேரம் துழாவினாள்.

"நம் ஆறு தெரிகிறதா?" என்று கேட்டாள்.

மருமகன் தூரத்தில் மின்னிய ஒரு நீர்க்கோட்டைக் காட்டினான். அது ஆறோ, ஏதாவது ஏரியோ, எனக்கு நிச்சயமில்லை. "அது வில்லியனூருக்கு வர எத்தனை நாளாகும்?" என்றாள் அத்தை. சரித்திர மாணவனுக்கு அந்தத் தேதி தெரியவில்லை.

இறங்கும்போது முழங்கால் அவளை இன்னும் அதிகமாகப் படுத்திற்று. அடிவாரத்துக்கு வந்து சேர மூன்று மணிக்கு மேலாகிவிட்டது. செட்டிக்குளத்தின் கரையில்தான் தேசிங்கின் உடலைத் தகனம் செய்தார்கள் என்றும், அவனுடைய இளம் மனைவி அங்கேயே தீப்பாய்ந்தாள் என்றும் சொல்கிறார்கள். ராணிப்பேட்டை என்னும் ஊருக்கு அவள் நினைவாகவே பெயரிட்டதாகவும் சொல்வார்கள். அத்தை மடியை அவிழ்த்தாள். வாழை இலையில் சுற்றியிருந்த சாமந்திச் சரம் இரண்டு அதில் இருந்தன. காலையில் புறப்படும்போதே ஒருவருக்கும் சொல்லாமல் முடிந்து வைத்திருக்கிறாள். ஒரு சரத்தைக் குளத்துப் படியில் வைத்துக் கும்பிட்டாள்.

மற்றதை மறுபடியும் இலையில் சுற்றி மடியில் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது தூங்கிவிட்டாள். கை மட்டும் மடியை விடவில்லை. புதுவைக்கு வந்து பஸ் மாறி வில்லியனூரில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. கரிக்கலாம்பாக்கம் பஸ் தயாராக நின்றுகொண்டிருந்தது. அத்தை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"திருக்காஞ்சி வரைக்கும் ஒரு ஆட்டோ பேசு, தம்பி! ஆற்றங்கரையில் ஐந்து நிமிஷம்தான்" என்றாள்.